காற்று நின்றதால் பிழைத்தோம்

ஆரல்வாய்மொழி கணவாயில் ஆடிக் காற்று காரையே தள்ளும். அதனால் எங்கள் பழைய செடான் ஒரு பக்கமாக இழுத்தபோதெல்லாம் நான் காற்றைத்தான் திட்டினேன்.

ஒருநாள் வள்ளியூரிலிருந்து திரும்பும்போது ரொம்பவே இழுத்தது. "பாழாப்போன காத்து!" என்று ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தேன்.

பக்கத்திலிருந்த மனைவி, "ஏங்க, காத்தாடி ஒண்ணுகூட சுத்தலியே. பொறவு காரு ஏன் இழுக்கு?" என்றாள்.

நிமிர்ந்து பார்த்தேன். மலையடிவாரம் முழுக்கக் காற்றாலைகள், ஓர் இறக்கைகூட அசையாமல் நின்றன. அவ்வளவு பெரிய காற்று எங்களுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டது போலிருந்தது. உடனே ஓரம் கட்டினேன்.

ஆரல்வாய்மொழியிலிருந்து வந்த மெக்கானிக், சக்கரத்தைத் திருப்பும் டை ராடைத் தொட்டார். அதன் முனை கையோடு கழன்று வந்தது.

"அடுத்த குழியில விழுந்திருந்தா முடிஞ்சிருக்கும் அண்ணாச்சி."

இப்போது கார் லேசாக இழுத்தாலும் காற்றாலைகளைப் பார்க்கிறேன். அவை சுற்றிக்கொண்டிருந்தாலும் நேரே மெக்கானிக்கிடம் போய்விடுகிறேன்.