புதுப் பெட்டியில் கேட்ட வயலின்

பாட்டு கேட்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ராசிபுரம் வீட்டில் பழைய டிவிடி பிளேயரைக் கழற்றிவிட்டு, சிடியை ஓட்டுவதற்கென்றே தனியாக வரும், 'டிரான்ஸ்போர்ட்' என்கிற விலை கூடிய பெட்டியை வாங்கி மாட்டினேன். அன்று வயலினில் வில் உரசுவதுகூடக் கேட்டது. மறுநாள் கேட்கவில்லை.

குழம்பி நின்றபோது பக்கத்து வீட்டு விசைத்தறிக்காரர் எட்டிப் பார்த்தார். "நேத்து நல்லாக் கேட்டுச்சுங்களா? புதுப் பெட்டி வந்திருக்குதுன்னு உங்க வீட்டு அக்கா சொன்னாங்க. அதான் ஒரு மணி நேரம் தறிய நிறுத்தி வெச்சேனுங்க."

அந்தத் தறிச் சத்தத்தை வருடக்கணக்காகத் திட்டியவன் நான்.

தறி ஓடாத ஞாயிறன்று பழைய பிளேயரையே மாட்டி, அவரையும் கூப்பிட்டேன். வில் அதேபோல உரசியது. கண்மூடிக் கேட்டவர், "புதுப் பெட்டி புதுப் பெட்டிதானுங்க!" என்றார்.

ஓடுவது பழையது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். இன்றுவரை சொல்லவில்லை.