சில்வர் பெயிண்ட் அடித்த ஆன்டெனா

சில ஆண்டுகளுக்கு முன், கிறிஸ்துமஸ் நெருங்கிய மாதத்தில், கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நடந்தது இது. என் அக்காவின் லயத்து வீடு ஒரு பள்ளத்துக்குள் இருக்கிறது. கைப்பேசிக் கோபுரத்து அலைகள் தேயிலைச் சரிவின் தலைக்கு மேலேயே போய்விடும். பேச வேண்டுமானால் தொழிற்சாலை வளைவு வரை ஏற வேண்டும். பக்கவாதத்தில் ஒரு கால் விளங்காமல் போன அக்கா புருஷனுக்கு, என் மச்சானுக்கு, அது இமயமலை.

நானோ பினாங்கில் கம்பியில்லாத் தொடர்புக் கருவிகளுக்குச் சின்ன ஆன்டெனா வடிவமைப்பவன். நீளக் கம்பியை மடித்து மடித்துத் தீப்பெட்டியளவில் அடக்குவதுதான் பிழைப்பு. என் தொப்பையிடம் மட்டும் அந்த வித்தை பலிக்கவில்லை. இப்படிச் சுருக்கிய ஆன்டெனா, மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி. பக்கத்தில் எதைக் கொண்டுபோய் வைத்தாலும் முறுக்கிக்கொள்ளும்.

மச்சானும் அவருடைய அண்ணனும் ஒரு கல்யாணப் பந்தலில் சண்டை போட்டதிலிருந்து பேசிக்கொள்வதில்லை. ஜொகூரில் இருந்த அண்ணனுக்கு இதயத்தில் அறுவைச் சிகிச்சை, அதற்கு முன் தம்பியிடம் பேச நினைக்கிறார் என்று அவர் மகள் சொல்லியனுப்பினாள்.

“பெரியவரு, அவரே கூப்பிடட்டும் லா. நா எடுக்குறேன்” என்றார் மச்சான். அவரிடமிருந்து அவ்வளவு வந்ததே பெரிது.

உடனே போய், சன்னலுக்கு வெளியே உள்ளங்கையளவு வெள்ளைப் பெட்டி ஒன்றில் ஆன்டெனாவைப் பொருத்தி, வீட்டுக்குள் நான் கொண்டுபோன மோடத்துடன் இணைத்தேன். கட்டிலருகே கைப்பேசி ஒலித்தது. எனக்கு நானே மாலை போட்டுக்கொண்டு ஊர் திரும்பினேன்.

கிறிஸ்துமஸ் வந்தால் அந்த லயத்தில் சன்னல் கம்பி, தண்ணீர்க் குழாய், பூந்தொட்டி எதுவும் சில்வர் பெயிண்டுக்குத் தப்பாது. அக்கா என் பெட்டிக்கும் அடித்தாள். தம்பி செய்ததாயிற்றே என்று இரண்டு கை கூடுதலாகவே. அந்தப் பெயிண்டில் இருப்பது அலுமினியத் தூள். ஆன்டெனாவுக்கு உலோகத்தில் போர்வை போர்த்தியாயிற்று. கைப்பேசி ஊமையானதை யாரும் கவனிக்கவில்லை; அந்த வீட்டில் அது ஊமையாக இருப்பதுதானே வழக்கம். மச்சான் காத்துக்கொண்டே இருந்தார்.

அண்ணன் அறுவைச் சிகிச்சையிலிருந்து மீளவில்லை. வளைவில் கைப்பேசியோடு நின்ற பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் செய்தி வந்து, அவர் இறங்கி வந்து சொன்னாராம்.

நான் போனபோது மச்சான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். “கடசி வரைக்கும் கூப்பிடல, பாத்தியா” என்றார். சன்னலோரம் பெட்டி பளபளத்ததைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. அவருடைய கைப்பேசியை எடுத்துக்கொண்டு வளைவுக்கு ஏறினேன். தவறிய அழைப்புகளைச் சொல்லும் குறுஞ்செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. எல்லாமே அண்ணனுடைய எண். கொண்டுவந்து காட்டினேன். மச்சான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

அக்கா என் பின்னாலேயே அடுப்படிக்கு வந்தாள். “நா பெயிண்ட் அடிச்சதுனாலயாடா?”

நான் படித்த படிப்பில் அதற்கு ஒரே பதில்தான் உண்டு: ஆமாம்.

“இல்லக்கா. மழத்தண்ணி உள்ள எறங்கிருச்சு. நா செஞ்ச லட்சணம் அது” என்றேன்.

இப்போது பக்கத்து ஊர் பிரிஞ்சாங் சந்தை வரைக்கும் நான் தூறலுக்கே தாங்காத சாமான் செய்கிறவன். மச்சானும் அதை நம்பிவிட்டார். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த முகம் அக்காவிடமிருந்து திரும்பியிருந்தால், அவ்வளவு சிறிய வீட்டில் அவள் எங்கே போய் நிற்பாள் என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போய் அவர் எதிரே உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.