நுரை டாக்டர்

மெஷின் கதவைத் திறந்ததும் உள்ளே ஒட்டியிருக்கும் நுரையை இரண்டு விரலால் வழித்து மோந்து பார்க்கிறார். "ரெண்டு ஸ்பூன் கூட" என்று தீர்ப்புச் சொல்கிறார். அடுத்து கட்டைவிரலால் கதவு ரப்பரை ஓர் அழுத்து. விரலை எடுத்ததும் ரப்பர் எழும்பினால் சரி. குழியாகவே நின்றால், "இதுக்கு வயசாயிடுச்சு சார்" என்பார், ரப்பரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து.

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் வாஷிங் மெஷின் மெக்கானிக் இவர். நாங்கள் வைத்த பெயர் நுரை டாக்டர். சோப்புத்தூளை அள்ளிக் கொட்டுபவர்களைக் கண்டால் ஆகாது. மெஷின் பொங்கி வழிகிறது என்று யார் கூப்பிட்டாலும் முதல் வைத்தியம் ஒன்றுதான்: "சோப்பே போடாம வெறும் தண்ணியில ஒரு ரவுண்டு ஓட்டுங்க. அப்பவும் நுரை வந்தா கோளாறு சோப்புல இல்ல, உள்ள இருக்கு. பிரிச்சுத்தான் பாக்கணும்."

ஊரார் மெஷினை இப்படிப் பிரித்து மேய்பவர், தன் உடம்பு என்று வந்தால் பழியை எங்காவது தள்ளிவிடுவார். மூன்று மாடி ஏறுவதற்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினால் குற்றவாளி டூல்ஸ் பை. கணுக்காலைச் சுற்றிப் பள்ளம் விழுந்தால் சாக்ஸில் எலாஸ்டிக் மட்டம். சர்க்கரை வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. கேட்டால், "அது பாட்டுக்கு அது இருக்கு, நான் பாட்டுக்கு நான் இருக்கேன்" என்பார், ஏதோ எதிர்வீட்டுக்காரரைச் சொல்வதுபோல.

நாலு மாதம் முன்பு என் வீட்டு மெஷினுக்குள் தலையை விட்டபடியே, கக்கூஸ் கழுவ என்ன லிக்விட் வாங்குகிறோம் என்று விசாரித்தார். தன் வீட்டில் ஒன்றுக்குப் போனால் நுரை நுரையாய் நிற்கிறதாம். மனைவி வாங்கும் லிக்விட் கலப்படமாம். மூன்று கம்பெனி மாற்றியாகிவிட்டதாம். ஒரு டெஸ்ட் எடுத்துவிடலாமே என்றேன். நுரையைப் பற்றித் தனக்கேவா என்பதுபோல் ஒரு பார்வை பார்த்தார்.

அவர் மனைவி வாய் பேசாமல் காரியம் பார்ப்பவர். மீட்டர் அறைச் சாவி வாங்க நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்த நாளில், நுரை டாக்டர் குளியலறையிலிருந்து துண்டோடு வந்து, நாலாவது லிக்விடும் குப்பை என்று அறிவித்தார். அந்த அம்மாள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"பத்து நாளா வெறும் தண்ணிதாங்க ஊத்துறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நுரை டாக்டர் முகத்தைப் பார்த்ததும் அது வந்த வழியே போய்விட்டது.

மறுநாளே நிஜ டாக்டரிடம் இழுத்துப் போனார் மனைவி. சிறுநீரில் புரதம் கசிகிறது என்று வந்தது. சர்க்கரைக்காரருக்கு இப்படிக் கசிந்தால் அது கிட்னி கொடுக்கும் எச்சரிக்கை மட்டுமல்ல, இதயத்துக்கும் சேர்த்துத்தான் என்றிருக்கிறார் அந்த டாக்டரம்மா. ரத்த அழுத்தமும் ஏறிக் கிடந்தது. இப்போதாவது வந்தீர்களே என்று மாத்திரை எழுதி, உப்பைக் குறைக்கச் சொல்லி, வருடா வருடம் எடுத்திருக்க வேண்டிய டெஸ்ட் இது என்று திட்டியும் அனுப்பியிருக்கிறார். "கசியறது ஒரு எடம், ஆபத்து இன்னொரு எடமாம் சார். நம்ம மெஷினே தேவலாம்" என்றார் என்னிடம். குரலில் பழைய கெத்து இல்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. இவருக்கு ஒன்று என்றால் பாதிக் குடியிருப்பு கையால் துவைக்க வேண்டும் என்று சொல்லி வைத்தேன். சொன்ன காரணம் அது.

நேற்று வந்திருந்தார். படியில் நின்ற இரண்டு இடத்திலும் பையைத் திட்டவில்லை. மெஷின் முன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வழக்கம்போல் ரப்பரை அழுத்தினார். எழும்பியது. பிறகு என்ன நினைத்தாரோ, சாக்ஸைக் கீழே இறக்கி, அதே கட்டைவிரலால் கணுக்காலுக்கு மேல் அழுத்திவிட்டு எடுத்தார். குழி அப்படியே நின்றது. அது மெதுவாக, மிக மெதுவாக நிரம்பி மேலே வரும்வரை குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அடுத்த காலின் சாக்ஸை இறக்கினார்.