காலிக் கட்டம்

லிடியாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அதுதான் இன்னும் மோசம் என்பான் கூட வேலை பார்க்கும் பொன்னுத்துரை.

திண்டுக்கல்லில் பிரியாணிக் கடை, ஜவுளிக் கடை, பூட்டுக் கடை, ஒரு பல் ஆஸ்பத்திரி என்று ஊர்க்காரர்களின் இன்ஸ்டாகிராம் பக்கங்களுக்குப் பதிவு போட்டுக் கொடுக்கும் சின்ன அலுவலகத்தில் அவளுக்கு வேலை. என்றைக்கு, எந்தக் கடைக்கு, என்ன பதிவு என்று முடிவு செய்பவள் அவள்தான். அதற்காக இணையத்தில் ஒரு பலகை திறந்திருந்தாள். நாளுக்கு ஒரு கட்டம். மஞ்சள் கார்டு ஒட்டினால் யோசனை, நீலம் என்றால் டிசைன் நடக்கிறது, பச்சை என்றால் ஏற்றலாம். பேகம்பூரில் வீட்டிலிருந்தபடியே சபிஹா டிசைனை ஒட்டுவாள். கேமராவோடு ஊர் சுற்றும் பொன்னுத்துரை ரீலை ஒட்டுவான். பச்சையானதைப் பக்கத்தில் ஏற்றுவதும் அவன் பொறுப்பு.

அந்தப் பலகையில் லிடியா போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. பச்சைக் கார்டின் அடியில் ‘ஓகே’ என்று எழுதி ஒருவர் தன் பெயரைப் போட வேண்டும். பெயர் இல்லாத கார்டு ஏறாது.

இந்தப் பிடிவாதம் அவளுக்கு வந்த கதை வேறு. காலேஜ் முடித்த கையோடு ஒரு பிளெக்ஸ் கடையில் டிசைன் பண்ணப் போனாள். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, எல்லாம் அங்கேதான். ஒருநாள் யாரோ கல்யாண பேனர் ஃபைலைத் திறந்து, மாப்பிள்ளை படத்தை எடுத்துவிட்டு, செத்துப்போன ஒரு பெரியவர் படத்தை வைத்து அடித்துவிட்டார்கள். கீழே ‘அனைவரும் வருக, வாழ்த்துக’ அப்படியே இருந்தது. பெரியவரின் மகன்கள் பேனரைச் சுருட்டிக்கொண்டு வந்து கடை வாசலில் எறிந்தார்கள். யார் பார்த்து விட்டது என்று கேட்டதற்கு ஆளாளுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். “ஒரு வரிதானேப்பா” என்றார் முதலாளி. லிடியாவுக்கு அந்தக் கடையில் அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை. அந்த மாதத்தோடு நின்றுவிட்டாள்.

இப்போதைய முதலாளி தனபாலன் நல்ல மனிதர்தான், வகுப்புக்குப் போகாதவரை. ஏதோ ஆன்லைன் வகுப்பில், காலண்டரில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து காலண்டரில் சிவப்பு எழுத்தில் இருக்கிற நாளுக்கெல்லாம் வாழ்த்துதான். பெரிய வெள்ளிக்கும் அவர் கையாலேயே கார்டு ஒட்டினார். ‘புனித வெள்ளி நல்வாழ்த்துகள்! இன்று மட்டும் மட்டன் பிரியாணி ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்!’

லிடியா பிறந்து வளர்ந்தது கிறிஸ்தவர்கள் நிறைந்த மேட்டுப்பட்டி. இயேசு இறந்த நாள் என்று அன்றைக்கு மாதா கோயில் மணிகூட அடிக்காத தெரு அது. கறி வாசம் வராது. சாவு வீட்டில் போய் வாழ்த்துச் சொல்வார்களா? அவள் அந்தக் கார்டைத் தூக்கிவிட்டு ஒரு கறுப்புக் கார்டு ஒட்டினாள். ‘அன்னைக்குச் சும்மா இருப்போம்.’

தனபாலன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். “ஏம்மா, சும்மா இருக்கறதுக்கு யாராச்சும் நம்மகிட்ட வருவாங்களா?”

“துக்க நாளு சார் அது. வாழ்த்துச் சொன்னா காறித் துப்புவாங்க. இந்த ஊர்ல எம்புட்டுப் பேரு அன்னைக்கு ஒரே வேளை சாப்பிட்டு ஒருசந்தி இருக்காங்க தெரியுமா?”

“உனக்குத் துக்கம். கடைக்கு யாவாரம். லீவு நாளு, ஆஃபர் வேணும்னு கடைக்காரரே கேக்குறாரு. பதிவு போகணும். போகலன்னா திங்கக்கெழம நீ வர வேணாம்.”

“என் கையால போகாது சார்” என்றாள் லிடியா. குரல் தணிந்திருந்தது.

சாயங்காலத்துக்குள் பலகையில் அவள் கை கட்டப்பட்டுவிட்டது. பார்க்கலாம், ஓரத்தில் குறிப்பு எழுதலாம், எதையும் நகர்த்த முடியாது. அவள் பெற்று வளர்த்த பலகை அது. தனபாலன் பழைய கார்டை மறுபடி ஒட்டி, பச்சையாக்கி, பாம்புக்குப் பல்லைப் பிடுங்கியாயிற்று என்று வீட்டுக்குப் போனார்.

குறிப்பு எழுதலாம் அல்லவா? எழுதினாள். அந்தப் பச்சைக் கார்டின் தலையிலேயே குத்தி வைத்தாள்: ‘இதுக்கு ஓகே சொன்னவர் பேரை எழுதவும்.’

மறுநாள் வியாழன். சபிஹா போன் பண்ணினாள். “அக்கா, போன மொகரத்துக்கு நானும் நோன்பு வச்சுக்கிட்டே பிரியாணியில ஆவி பறக்குற மாரி டிசைன் போட்டேன். வாழ்த்துற நாளில்லன்னு தெரிஞ்சும் வாயத் தொறக்கல. இதுக்கு எம் பேரு வராது.”

அலுவலகத்தில் பொன்னுத்துரை தலையைச் சொறிந்துகொண்டு தனபாலன் முன்னால் நின்றான். “அண்ணே, பேரில்லாம ஏத்த மாட்டேன். நீங்களே போட்டுருங்க.”

“இதென்ன பெரிய பத்திரப் பதிவா?” தனபாலன் விசைப்பலகையை இழுத்து ‘அட்மின்’ என்று தட்டினார்.

“அட்மின் யாருண்ணே? நாளைக்கு மேட்டுப்பட்டிக்காரங்க வந்து கேட்டா யாரக் கைகாட்ட?”

தனபாலன் ‘அட்மின்’ என்பதை அழித்தார். ‘த’ என்று தட்டினார். அவர் பிள்ளைகள் படிப்பது சிஸ்டர்கள் நடத்தும் பள்ளிக்கூடம். பக்கத்து மேசையில் லிடியா அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘த’வும் அழிந்தது. “கரண்டு போச்சுன்னு கடைக்காரர்ட்ட சொல்லிக்கலாம், விடு” என்று எழுந்து டீ குடிக்கப் போனார்.

வெள்ளிக்கிழமை பிரியாணிக் கடைப் பக்கத்தில் ஒன்றும் ஏறவில்லை. லிடியா வெயிலில் சிலுவைப் பாதை ஊர்வலத்தில் நடந்தாள்.

திங்கட்கிழமை, வர வேண்டாம் என்று சொல்லப்பட்டவள் நேரத்துக்குச் சரியாக வந்து உட்கார்ந்தாள். பலகை அவள் கைக்குத் திரும்பியிருந்தது. பிரியாணிக் கடைக்காரர் போனில் பிடித்துக்கொண்டார். “வெள்ளிக்கெழம கரண்டு போச்சாமே? எங்க தெருவுல போகலையே?”

“கரண்டெல்லாம் போகலங்க பாய். துக்க நாளுன்னு நாந்தான் போட விடல. எம் பேரு லிடியா.”

அந்தப் பக்கம் ஒரு செருமல். “சரி, ஈஸ்டருக்காவது போட்டீங்களா?”

“நேத்துக் காலைலயே போட்டாச்சு.”

போனை வைத்துவிட்டு வெள்ளிக்கிழமைக் கட்டத்துக்குப் போனாள். பச்சைக் கார்டை நீக்கிவிட்டுக் கறுப்புக் கார்டைத் திரும்ப ஒட்டினாள். இன்னொன்றை வரப்போகிற மொகரம் நாளிலும் ஒட்டினாள். தனபாலன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அவர் பார்க்கட்டும் என்றே, இரண்டின் அடியிலும் தட்டினாள்: ‘ஓகே. லிடியா.’