சூளகிரி மேட்டில் ஒரு களிப் பந்தல்

எங்கள் கம்பெனியில் சென்னம்மாவைப் போலப் பொறுமையான ஆள் கிடையாது என்று ஒரு காலத்தில் நானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். பொறுமை வேறு, காத்திருப்பது வேறு. கொக்கு பொறுமையாகத்தான் நிற்கிறது. மீனிடம் கேட்டுப் பாருங்கள். சென்னம்மா ஒரு வருஷம் அப்படித்தான் நின்றாள், நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

நான் நல்லுசாமி. சொந்த ஊர் துறையூர்ப் பக்கம். ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்கு வயரிங் செய்கிற கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். சென்னம்மா அசெம்பிளி லைனில் இருக்கிறாள். பேரிகையைத் தாண்டி ஒரு சின்னக் கிராமம். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், கம்பெனியில் தமிழ், கோபம் வந்தால் மூன்றும். அப்பா கங்கப்பன் அடுத்தவன் தக்காளித் தோட்டத்தில் கூலி. அக்கா நாராயணம்மாவுக்குப் பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் இலவச சைக்கிள் கொடுத்தது. அக்கா அந்த வருஷமே படிப்பை நிறுத்திவிட்டுத் தோட்ட வேலைக்குப் போக, சைக்கிள் தங்கைக்கு வந்தது. கம்பெனி பஸ் அவள் ஊருக்குள் வராது. போக இருபத்து நாலு கிலோமீட்டர், வர இருபத்து நாலு கிலோமீட்டர், ஆறு வருஷம் அந்த இலவச சைக்கிளில்தான் வேலைக்கு வந்தாள். அதை யாரும் வீரம் என்று சொல்லவில்லை. பஸ் இல்லாத ஊர்க்காரி என்றுதான் சொன்னார்கள்.

எங்கள் ஷிஃப்ட் இன்ஜினியர் அசோக்குமார் சைக்கிள் ஓட்டினால் மட்டும் அது வீரம். ஒரு விரலால் தூக்கிவிடக்கூடிய கார்பன் சைக்கிள், உடம்போடு ஒட்டின சட்டை, கறுப்புக் கண்ணாடி. யுகாதி முடிந்த முதல் சனிக்கிழமை ஓசூரில் கிளம்பி, கிருஷ்ணகிரி, சேலம், நாமக்கல், கரூர் தாண்டி அரவக்குறிச்சி வரை போய்த் திரும்புகிற அறுநூறு கிலோமீட்டர் ரேஸ் ஒன்று உண்டு. நாற்பது மணி நேரத்துக்குள் வந்தால் பதக்கம். அதற்கான நோட்டீசைப் போர்டில் ஒட்டினவரே அவர்தான். சென்னம்மா போய்ப் பெயர் கொடுத்தபோது, "ஷாப்பிங் போற மாதிரி நினைச்சுட்டியாம்மா?" என்று லைன் முழுக்கக் கேட்கும்படி சிரித்தார். அத்திப்பள்ளியில் யாரோ கழித்துக்கட்டின பழைய இரும்பு கியர் சைக்கிளை வாங்கி வந்தாள். நான்தான் அதற்குப் புது செயினும் பிரேக்கும் போட்டேன்.

அந்த ரேஸில் முக்கியமான விதி ஒன்றுதான். யாரும் உனக்கென்று தனியாக உதவக் கூடாது. எல்லோருக்கும் திறந்திருக்கிற கடையில் வாங்கிக்கொள்ளலாம், எல்லோருக்கும் கொடுக்கிற தண்ணீரைக் குடிக்கலாம். வீட்டிலிருந்து சோறு வரக் கூடாது. யுகாதியிலிருந்து ராமநவமி வரை எங்கள் பக்கத்து நெடுஞ்சாலை ஓரத்தில் கூப்பிடு தூரத்துக்கு ஒரு பந்தல் போட்டு நீர்மோரும் பானகமும் கொடுப்பார்கள். அதில் தப்பில்லை, அது எல்லோருக்கும் பொது.

போன வருஷம் ஐந்நூற்று எழுபத்தைந்து கிலோமீட்டர் மிதித்துவிட்டு, மேலுமலை ஏற்றம் ஏறி, சூளகிரிப் பந்தலில் சென்னம்மா நின்றாள். பந்தலில் பானகம் ஊற்றிக்கொண்டிருந்தது நாராயணம்மா. தங்கையின் முகத்தைப் பார்த்ததும் தூக்குப்போசியைத் திறந்து ஒரு ராகிக் களி உருண்டையை எடுத்துக் கையில் வைத்துவிட்டாள். அக்கா கொண்டுவந்த சோற்றை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகிற பழக்கம் அவர்கள் வீட்டில் கிடையாது. விதி தெரியாதவள் இல்லை சென்னம்மா. ஒரு உருண்டை களி உதவிக் கணக்கில் வரும் என்று அவள் புத்திக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். பத்து நிமிஷம் பின்னால் வந்த அசோக்குமார் அதே பந்தலில் இரண்டு டம்ளர் பானகம் வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு, வாய் நிறையக் களியோடு நின்றவளைப் போட்டோ எடுத்தார்.

அவரை முந்தி ஓசூர் வந்து சேர்ந்தாள். கழுத்தில் பதக்கம் போட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்து, அசோக்குமார் காட்டிய போட்டோவைப் பார்த்துவிட்டு, படபடவென்று கை தட்டிக்கொண்டிருந்த அதே கூட்டத்துக்கு நடுவில், குனியச் சொல்லி அதைக் கழற்றினார்கள். மறுநாள் அந்தப் போட்டோ எங்கள் நோட்டீஸ் போர்டில் இருந்தது. கீழே "விதி என்றால் விதி" என்று பெரிய எழுத்து. கேன்டீனில் களி போடுகிற நாளெல்லாம் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆறு மாசம் அவளுக்குக் களிக்காரி என்றே பெயர். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் போட்டோவைக் கிழித்து எறிந்தேன். அடுத்த நாள் வேறொரு பிரிண்ட் இருந்தது. சென்னம்மா போர்டைக் கடக்கும்போது ஒரு நொடி நின்று, அதை நன்றாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

அப்புறம்தான் மிதிக்க ஆரம்பித்தாள். காலை ஷிஃப்ட் இரண்டு மணிக்கு முடிந்தால் நேரே வீட்டுக்குப் போகாமல் கிருஷ்ணகிரி போய்த் திரும்பினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தொப்பூர் கணவாய். சீட் உரசி உட்காருமிடம் புண்ணாகி, தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு, லைனில் எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே வேலை செய்தாள். ஹேண்டிலைப் பிடித்துப் பிடித்து விரல்கள் மரத்துப்போயின. எங்கள் வேலைக்கு விரல்தான் முதல். கனெக்டருக்குள் வயர் முனை சரியாக உட்கார்ந்ததா என்று கண் சொல்லாது, விரல்நுனிதான் சொல்லும். அவள் ஒவ்வொன்றையும் உதட்டில் வைத்துத் தொட்டுப் பார்த்து அனுப்பினாள். லைன் லீடருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். கணவன் வெங்கடசாமி, பூ ஏற்றுமதிக் கம்பெனி வண்டி ஓட்டுகிறவன், போறதுன்னா போ, வந்து முனகாதே என்று சொன்னதோடு சரி. இதெல்லாம் எதற்கு என்று நான் ஒரு தடவை கேட்டேன். "அந்த ஆளு எங்கக்கா கையால களி வாங்கித் தின்னணும்ண்ணா. நான் பாக்கணும்" என்றாள்.

அதற்கு அவள் வழி கண்டுபிடித்த விதம்தான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். ரேஸ் நடத்துகிற ஸ்ரீராமிடம் நேரே போய் ஒரு கேள்வி கேட்டாள். பந்தலில் வருகிற எல்லோருக்கும் களி கொடுத்தால் விதிப்படி சரியா? அவர் யோசித்துவிட்டு, சரிதான் என்றார். ஆனால் ஒரே ஒரு ரைடருக்கு இல்லையென்று சொன்னாலும் அது பொதுப் பந்தல் ஆகாது, உன் பெயரை அடித்துவிடுவோம் என்று சேர்த்துச் சொன்னார். அதை வாட்ஸாப்பில் எழுதி வாங்கிக்கொண்டாள். கெட்டிக்காரி.

இந்த வருஷம் சூளகிரி மேட்டில் களிப் பந்தல் போட்டோம். நாராயணம்மா, நான், பெரிய அண்டா, கொள்ளுச் சாறு. கிண்டிக் கிண்டி என் தோள் கழன்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே லாரிக்காரர்கள், ரைடர்கள், சந்தைக்குப் போகிறவர்கள் என்று எல்லோரும் சாப்பிட்டார்கள். ரேஸ்காரர்கள் சார்பில் பிரவீனா என்கிற பெண் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து நேரம் குறித்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டரைக்கு அசோக்குமார் வந்தார். வந்தார் என்பதை விட, சைக்கிள் அவரைக் கொண்டுவந்து போட்டது என்று சொல்லலாம். முதல் நாள் கரூரில் சென்னம்மாவை விட ஒரு மணி நேரம் முன்னால் இருந்தவர். இனிப்பு ஜெல் பாக்கெட்டையே தின்று தின்று வயிறு புரண்டு, தொப்பூர் ஏற்றத்திலிருந்து வாந்தி. உதடு வெளுத்து, கழுத்து நிற்காமல் ஆடியது. பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். களி வாசம் மூக்கில் ஏறியிருக்க வேண்டும். அண்டாவுக்குப் பக்கத்தில் வந்து, பிரவீனாவுக்குக் கேட்காத குரலில், "கொஞ்சம் களி கிடைக்குமாங்க?" என்று கேட்டார்.

நாராயணம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். அண்டா பாதிக்கு மேல் இருந்தது. "தீந்துபோச்சு" என்றாள்.

அவர் அண்டாவையும் பார்த்தார், அவளையும் பார்த்தார், போய் உட்கார்ந்துகொண்டார். எனக்கு விதி ஞாபகம் இருந்தது. வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் அந்த நிமிஷம் எனக்கு அவ்வளவு இனித்தது.

இருபது நிமிஷம் கழித்து சென்னம்மா வந்தாள். கண் இரண்டும் உள்ளே போயிருந்தன. இறங்கும்போது கால் மடங்கி, கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். வெறுங்கையோடு உட்கார்ந்திருந்த அசோக்குமாரைப் பார்த்தாள், பிறகு அண்டாவைப் பார்த்தாள். முப்பத்திரண்டு மணி நேரத் தூக்கமில்லாத மண்டையிலும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அக்கா, சாருக்குப் போடு" என்றாள்.

"நீ மொதல்ல தின்னு. மூஞ்சியப் பாரு."

"அவருக்குப் போடாம எனக்குப் போட்டீன்னா, மறுபடியும் கழட்டிக்குவாங்கக்கா."

ஒரு வருஷம் யோசித்துப் போட்ட பந்தலைத் தானே கவிழ்க்கப் பார்த்தோம் என்று அப்போதுதான் நாராயணம்மாவுக்கு உறைத்தது. தட்டில் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டாள், சாற்றை ஊற்றினாள். அசோக்குமார் வேண்டாம் என்று சொல்லப் பார்த்தார். வயிறு விடவில்லை. கையில் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தவர், இரண்டாவது உருண்டையில் நாகரிகத்தை எல்லாம் விட்டுவிட்டார். போதும் என்று அவர் கை காட்டியபோது மூன்றாவதை வைத்தது நான்தான். நல்ல எண்ணத்தில் வைக்கவில்லை.

அவர் தின்று முடிக்கும் வரை சென்னம்மா சாப்பிடவில்லை. ரேஸில் ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம், அவளோ எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கடைசிக் கவளத்தை வாயில் போட்டதும் போனை எடுத்தாள். "சார், இப்பிடிக் கொஞ்சம் பாருங்க" என்றாள். கன்னம் உப்பி, தாடையில் சாறு வழிய நிமிர்ந்தார். படம் எடுத்துக்கொண்டாள். அப்புறம் ஒரு உருண்டையை வாங்கி நின்றபடியே நாலு வாயில் விழுங்கிவிட்டுக் கிளம்பினாள்.

சோறு போனதும் அவருக்கு உயிர் வந்துவிட்டது, துரத்திக்கொண்டு பின்னாலேயே போனார். பிறகு நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவருடைய விலை உசந்த சக்கரம் மிதிக்காதபோது டிக்டிக்கென்று சத்தம் போடும். அந்தச் சத்தம் பத்து கிலோமீட்டர் அவள் முதுகுக்குப் பின்னாலேயே வந்திருக்கிறது. ஆனால் அந்தச் சைக்கிளில் வேகம் எடுக்க வேண்டுமானால் நெஞ்சு ஹேண்டிலைத் தொடுமளவு குனிய வேண்டும். மூன்று உருண்டை களியைப் போட்டுக்கொண்டு எவனால் குனிய முடியும்? அவளோ களி தின்றுவிட்டு வேலை செய்தே வளர்ந்தவள். சிப்காட் வரும்போது பின்னால் சத்தம் இல்லை. பதினோரு நிமிஷம் முன்னால் முடித்தாள்.

நானும் நாராயணம்மாவும் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது பதக்கம் இன்னும் மேசையிலேயே இருந்தது. பந்தலில் ஏதோ பேச்சு நடந்ததைப் பிரவீனா தூரத்திலிருந்து பார்த்து எழுதியிருக்கிறாள். ஸ்ரீராம் எல்லோர் முன்னிலையிலும் அசோக்குமாரைக் கேட்டார், பந்தலில் களி கேட்டு உங்களுக்கு இல்லையென்று சொன்னார்களா என்று. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அவளுடைய ஒரு வருஷப் பாடு போய்விடும். அது உண்மையும்கூட. நாராயணம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். சென்னம்மா போனைப் பையிலிருந்து எடுத்து, பந்தலில் எடுத்த படத்தை அவர் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டாள்.

"நான் எதுவும் கேக்கல சார். அவங்களா குடுத்தாங்க" என்றார் அசோக்குமார்.

சென்னம்மாவின் கழுத்தில் பதக்கம் ஏறியது. குனியச் சொன்னார்கள், அவள் குனியவில்லை. ஸ்ரீராம்தான் எட்டிப் போட்டுவிட்டார்.

இது நியாயமா என்று என்னிடம் கேட்காதீர்கள். பொய் சொன்னது அவர், சொல்ல வைத்தது அவள், மூன்றாவது உருண்டை வைத்தது நான். போன வருஷம் நியாயம் கேட்டு யாரும் வராதபோது இந்த வருஷம் மட்டும் எதற்கு?

திங்கட்கிழமை லைன் முழுக்க நோட்டீஸ் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தது. விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, போட்டோ எப்போது ஏறும் என்றுதான் காத்திருந்தார்கள். ஏறவில்லை. அந்த வாரமும் இல்லை, அந்த மாசமும் இல்லை. பெரிய பிரிண்ட் போட்டுத் தருகிறேன், நானே ஒட்டுகிறேன் என்று அவளிடம் இரண்டு தடவை கெஞ்சினேன். மரத்த விரல்களை வெந்நீரில் விட்டுக்கொண்டே சிரித்தாள்.

"ஒட்டுனா ஒரே நாள்ல கிழிச்சுப் போட்டுருவாருண்ணா. அதோட முடிஞ்சுபோயிரும்" என்றாள். "காலையில ஷிஃப்டுக்கு வந்ததும் அந்தாளு மொதல்ல எங்க பாக்கறாருன்னு நீ பாத்தியா?"

நான் பார்த்திருக்கவில்லை. மறுநாள் சீக்கிரம் வந்து கேட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். அசோக்குமார் வந்தார், கார்டைத் தேய்த்தார், தன் இடத்துக்குப் போகாமல் நேரே போர்டுக்குப் போய் மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். எட்டு மாசம் ஆகிறது, இன்றைக்குக் காலையிலும் பார்த்தார்.