கயல்விழியின் காதில் விழுந்தது

போன மாதம் பழங்காநத்தத்தில் மருந்துக்கடை வாசலில் நின்றிருந்தபோது பாண்டியின் அழைப்பு வந்தது. "அண்ணே, கயலு போயிட்டாண்ணே" என்றார். அவர் மனைவி கயல்விழி, என்னோடு ஆறு ஆண்டுகள் துணை விமானியாகப் பறந்தவர். ரத்தப் புற்றுநோய். நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவரை அறிந்த உங்களிடம் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

கயல்விழியின் பெற்றோர் மதுரைக்கு மேற்கே வயல்வேலை பார்த்தவர்கள். பசுமலையில் கல்லூரியில் படிக்கும்போது பிரெஞ்சு கற்கத் தொடங்கிய அவர், விமானி ஆன பிறகும் அதை விடவில்லை. ஓய்வறையில் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். "வானத்துல இங்கிலீஷ் போதும்மா. இதெல்லாம் எதுக்கு?" என்று எல்லோர் முன்னாலும் கேலி செய்வேன். அவர் கோபப்பட மாட்டார்.

"எங்கம்மா நடவுக்குப் போன ஊர்ல, சுத்தி இருக்கவுக என்ன பேசுறாகன்னு தெரிஞ்சுதாண்ணே வேல பாத்துச்சு. நான் போற ஊரு கொஞ்சம் தூரம், அம்புட்டுத்தான்."

பிரெஞ்சு பேசும் நாடு ஒன்றில் பனிமூட்டமான ஒரு காலை. ஓடுபாதையில் ஏறலாம் என்று கட்டுப்பாட்டுக் கோபுரம் எங்களுக்கு ஆங்கிலத்தில் அனுமதி தந்தது. விமானத்தை நகர்த்தினேன். "நிறுத்துங்கண்ணே!" என்று கத்தினார் கயல்விழி. பிரேக்கை அழுத்தினேன். எங்கள் கண்ணெதிரே ஒரு சிறிய விமானம் தரைதொட்டு ஓடியது. அதற்கு இறங்க அனுமதி கொடுத்ததும் அதே கோபுரம்தான், பிரெஞ்சில். அவருக்கு அது புரிந்தது. எனக்கு வெறும் இரைச்சல். எங்களுக்குப் பின்னால் நூற்றைம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

அறிக்கையில், 'எதிரே விளக்கொளியைக் கண்டு நிறுத்தினேன்' என்று எழுதினேன். அத்தனை கேலி பேசியவனுக்கு உண்மையை எழுதக் கை வரவில்லை. நிறுவனம் என்னைப் பாராட்டியது.

"வெளிச்சம் எப்பண்ணே தெரிஞ்சுச்சு?" என்று மட்டும் கேட்டார் கயல்விழி.

"அவசரத்துல எழுதிட்டேன்மா. திருத்திடுறேன்."

திருத்தவில்லை. மறு வருடம் கேப்டன் பதவிக்கான நேர்காணலில் கயல்விழியிடம், இக்கட்டான நேரத்தில் நீங்கள் எடுத்த முடிவு எது என்று கேட்டிருக்கிறார்கள். அந்தக் காலையைச் சொல்லியிருக்கிறார். அறிக்கையில் அப்படி இல்லையே என்றார்களாம். பதவி கிடைக்கவில்லை. அடுத்த நேர்காணலுக்குள் நோய் வந்துவிட்டது.

கடைசியாக அவரைக் கே.கே. நகர் வீட்டில் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். மருந்தைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தேன். "பைலட்டுக்கு வேற பாஷை தேவையாண்ணே? இப்பச் சொல்லுங்க" என்று அவரே கேட்டார்.

"தேவைதாம்மா."

இன்னும் ஏதோ வரும் என்பதுபோல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "வாரேன்மா" என்று எழுந்துவிட்டேன்.

சென்ற வாரம், நடந்தது அனைத்தையும் நிறுவனத்துக்கு எழுதி அனுப்பினேன். அதன் நகலைப் பாண்டியிடம் கொடுத்தேன். படித்து முடித்து மடித்தார். "இத அவ இருக்கையில எழுதியிருக்கலாம்லண்ணே" என்றார்.

கயல்விழி கொடுத்து என்னிடம் இருப்பது என் உயிர். அதை இத்தனை நாள் என் திறமை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.