ஸி மொன்ஸெஃப் மேசையில் வைத்த எண்ணெய்

ஸ்ஃபாக்ஸ் ஊரில் ஒருவன் கடையில் ஆலிவ் எண்ணெய் வாங்குகிறான் என்றால், அவன் வெளியூர்க்காரனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சொந்தக்காரர்களோடு சண்டை போட்டவனாக இருக்க வேண்டும். மற்றவர்கள் எல்லோருக்கும் எங்கோ ஒரு தோப்பில் நாலு மரமாவது பங்கு உண்டு. ரவ்தா கொர்பெல் அந்த ஊரில் பிறந்தவள். அவள் கதையைச் சொல்ல அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை. பட்டம் வாங்கினவர்களுக்கு அவளைப் பார்த்தால் பொறாமை, வாங்காதவர்களுக்குப் பயம். இரண்டும் இல்லாத ஆள் யாராவது சொன்னால்தான் உண்டு.

அவள் செய்த வேலை இதுதான். பிளாஸ்டிக்கில் மின்சாரம் ஓடாது என்றுதானே ஒயருக்கு மேலே அதைச் சுற்றுகிறோம்? அதே சாதியைச் சேர்ந்த சில பொருள்களில் ஓடும். அதைத் தலைமுடியைவிட மெலிசாகக் கண்ணாடி மேல் பூசினால், மின்சாரம் கொடுத்தால் வெளிச்சம் வரும், வெளிச்சம் பட்டால் மின்சாரம் வரும். ஆறாம் வகுப்பைத் தாண்டாத எனக்கே ஒரே தடவையில் புரிந்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் அவளுடைய துறைத் தலைவருக்கு மட்டும் அவர் ஓய்வு பெறும் வயசு வந்தும் புரியவில்லை.

பிரான்சில் படித்து முடித்தபோது அங்கேயே இருந்துவிடு என்றார்கள். அவள் திரும்பி வந்தாள். வந்த இடத்தில் ஒரு காலி அறையும் உடைந்த நாற்காலியும் கொடுத்தார்கள். பூச்சைச் சுழற்றிப் பரப்புகிற இயந்திரத்தைப் பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய மோட்டாரை வைத்துத் தானே செய்தாள். பூச்சுக்கு ஈரமும் ஆகாது, காற்றும் ஆகாது. பட்டால் கறுப்புப் புள்ளி விழுந்து செத்துப்போகும். அதனால் நைட்ரஜன் நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள், சுவரில் தொங்கும் ரப்பர் கையுறைக்குள் கையை விட்டு வேலை செய்ய வேண்டும். அந்தப் பெட்டி ஒன்றுக்காக எத்தனை கதவு தட்டினாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். கடைசியில் பெட்டி வந்தது. ஆனால் கோடையில் அலுவலகம் மதியத்தோடு முடிந்துவிடும் என்பதால் காவலாளி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவான். மறுநாள் வந்து பார்த்தால் உள்ளே இருந்ததெல்லாம் பாழ். அவள் சண்டை போட்டாள். சண்டைக்காரி என்று பெயர் வந்தது. பெட்டி தந்தவர்கள் அதை எப்படி மறப்பார்கள்?

முதலில் வெளிச்சம் தரும் தகடு செய்தாள். கடற்காற்றில் அது ஒரு வருஷம் தாங்கவில்லை. பிறகு வெயிலில் மின்சாரம் எடுக்கும் தகடு. அதுவும் போயிற்று. ஒவ்வொரு தோல்விக்கும் துறைத் தலைவர் ஸி மொன்ஸெஃப் நடைபாதையில் நின்று பெருமூச்சு விடுவார். பெயருக்கு முன்னால் மரியாதைக்குப் போடுகிற அந்த 'ஸி'யைப் போடாமல் கூப்பிட்டால் அந்த மனிதர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஆனால் அவளுடைய கட்டுரை ஒவ்வொன்றிலும் தன் பெயர் முதலில் வரவேண்டும். அதில் மட்டும் மறதி கிடையாது.

பிறகுதான் அவளுக்கு எண்ணெய் ஞாபகம் வந்தது. நல்ல ஆலிவ் எண்ணெய்மேல் ஊதா வெளிச்சம் அடித்தால் அது சிவப்பாக மினுங்கும். சுத்திகரித்த மலிவு எண்ணெயைக் கலந்திருந்தால் நீலம் எட்டிப் பார்க்கும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கலந்தாலும் அவளுடைய பூச்சுக்குத் தெரியும். சிவப்புக்கு ஒரு தகடு, நீலத்துக்கு ஒரு தகடு, அளவு காட்ட இரண்டு முள். உள்ளங்கையில் அடங்கும் கருவி. ஆலிவ் எண்ணெயால் வாழ்கிற ஊரில், எண்ணெயில் கலப்படம் செய்து ஊர்ப் பெயரைக் கெடுக்கிறவர்களைப் பிடிக்க ஒரு கருவி! ஊரே அவளைத் தோளில் தூக்கியிருக்க வேண்டாமா? ஸி மொன்ஸெஃப் அதைப் பொம்மை என்றார்.

அந்த வருஷம் தலைநகரிலிருந்து ஒரு குழு வருவதாகச் சேதி வந்தது. பயன்படாத கருவிகளை எடுத்துத் தலைநகரில் 'பயன்படுத்தத் தெரிந்தவர்களுக்கு' கொடுப்பதற்காம். பட்டியலில் முதல் பெயரே அவளுடைய நைட்ரஜன் பெட்டி. பெட்டி போனால் பூச்சு இல்லை, பூச்சு போனால் கருவி இல்லை. அவளுக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. இன்னொரு பெட்டிக்காகக் கதவு தட்ட இனி ஆயுசு போதாது.

குழுவுக்குக் காட்ட இரண்டு சிறிய புட்டிகள் தயார் செய்தாள். ஒன்றில் தன் வீட்டு எண்ணெய். மற்றதில் அதே எண்ணெயோடு பாதிக்குப் பாதி மலிவு எண்ணெய். தட்டில் வைத்து, துறையில் தேநீர் கொடுக்கிற அம்மாளிடம் கூட்டம் நடக்கும் அறைக்கு எடுத்துவரச் சொல்லிவிட்டு முன்னால் போனாள்.

அங்கே ஸி மொன்ஸெஃப் விருந்து வைத்திருந்தார். வாற்கோதுமை ரொட்டி, ஊறிய ஆலிவ், நடுவில் பெரிய கிண்ணம் நிறைய எண்ணெய். தன் மைத்துனன் செக்கில் முதல் ஆட்டலில் எடுத்தது, ஊரில் இதற்கு மிஞ்சி இல்லை என்று குழுத் தலைவர் ஸி லம்ஜத்திடம் அவர் அளந்துகொண்டிருந்தார். எல்லோரும் ரொட்டியைத் தொட்டுத் தொட்டுத் தின்றார்கள்.

தட்டு வந்தது. ரவ்தா முதல் புட்டியைக் கருவியில் வைத்தாள். சிவப்பு முள் ஏறியது. இரண்டாவதை வைத்தாள். அதற்கும் சிவப்பு முள்ளே ஏறியது. நீலம் அசையவில்லை. மறுபடி வைத்தாள். அதே கதைதான்.

குழுவில் ஒருவர் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார்.

"பொம்மைன்னு சொன்னேனே, கேட்டியா?" என்றார் ஸி மொன்ஸெஃப். "இவ்வளவு பெரிய மனுஷங்களைக் கூப்பிட்டு வெச்சு இப்படியா மானத்தை வாங்குறது, ரவ்தா?"

அவளுக்குக் காது எரிந்தது. இரண்டாவது புட்டியில் விரலை விட்டு நக்கினாள். தொண்டை கரகரத்து இருமல் வந்தது. சுத்தமான புது எண்ணெய்தான் அப்படிக் காறும்.

"இது நான் வெச்ச எண்ணெய் இல்ல."

"அப்போ பேய் வெச்சுதா?"

கதவோரம் நின்ற மப்ரூகா தொண்டையைச் செருமினாள். தட்டைக் கொண்டுவந்த தேநீர் அம்மாள் அவள்தான். அங்கே எல்லோருக்கும் சின்னம்மா.

"நான்தான் மாத்தினேன். மூடியத் திறந்தேன், நாத்தம். விருந்தாளி முன்னால அதைக் கொண்டுபோய் வெக்கச் சொல்றியா? சட்டி கழுவின தண்ணி மாதிரி இருந்துது. தொட்டியில கொட்டிட்டு, சோத்துக்குக் கொண்டாந்த எங்க வீட்டு எண்ணெயை ஊத்தினேன். நீயெல்லாம் ஸ்ஃபாக்ஸ்ல பொறந்த பொண்ணா?"

ரவ்தாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அந்த ஊர்ப் பெண் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள். அவளுடைய அம்மாவும் செய்திருப்பாள். அது கருவிக்குத்தான் என்று தட்டைக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை.

ஸி லம்ஜத் நம்பவில்லை. சின்னம்மாவையும் சேர்த்துக்கொண்டு நல்ல நாடகம் போடுகிறீர்கள் என்று சொல்லி, ஃபைலை மூடி வைத்தார். பெட்டியை அடுத்த வாரம் லாரி வந்து எடுத்துக்கொள்ளும் என்றார். அதைச் சொன்னபோது அவர் கை ரொட்டிக்குப் போனது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. பல வருஷ உழைப்பைத் தூக்கி லாரியில் போடுகிறான், கூடவே ரொட்டி தின்கிறான்.

"இன்னொரு தடவை பாருங்க," என்றாள். "என் எண்ணெய் வேணாம். நீங்க நம்புற எண்ணெயை வெக்கலாம்."

"இதை வையேன்," என்று ஸி லம்ஜத் கிண்ணத்தைத் தள்ளினார். "இது சுத்தம்னு ஊருக்கே தெரியும்னு இப்பதானே சொன்னார். உன் கருவி அதையாவது சரியாச் சொல்லுதா பாப்போம்."

"அதெல்லாம் எதுக்கு," என்றார் ஸி மொன்ஸெஃப். மிக வேகமாகச் சொன்னார்.

அவள் ஒரு கரண்டி எண்ணெயை எடுத்து ஊற்றினாள். சத்தியமாக அவளுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. சிவப்பு ஏறும், கருவி உயிரோடுதான் இருக்கிறது என்று காட்டலாம், அவ்வளவே நினைத்தாள்.

சிவப்பு முள் பாதி தூரம் ஏறி நின்றது. நீல முள் எழுந்து அதைத் தாண்டிப் போனது.

சற்று முன் சிரித்தவர் வாயில் இருந்த ரொட்டியை விழுங்குவதா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது. கடைசியில் கைக்குட்டையில் துப்பினார்.

"கருவி கெட்டுப்போச்சு," என்றார் ஸி மொன்ஸெஃப்.

ரவ்தா மப்ரூகாவின் எண்ணெயை மறுபடி வைத்தாள். சிவப்பு. கிண்ணத்து எண்ணெயை வைத்தாள். நீலம். மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருந்தாள். ஸி லம்ஜத் போதும் என்று கையைத் தூக்கும் வரை விடவில்லை.

"உங்க மைத்துனர் இதை எங்க விக்கிறார், ஸி மொன்ஸெஃப்?" என்று அவர் கேட்டார். ஸி மொன்ஸெஃப் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

பெட்டி போகவில்லை. லாரி வேறு யாருடைய பெட்டிக்கோ போயிற்று. நியாயம் ஜெயித்தது என்று யாரும் கொட்டு அடிக்க வேண்டாம். ஏன் போகவில்லை என்று அந்தக் குழு எங்கும் எழுதவில்லை. மைத்துனன் செக்கு இன்றும் ஓடுகிறது. அந்தக் கருவியைப் பற்றி வெளிவந்த கட்டுரையிலும் முதல் பெயர் ஸி மொன்ஸெஃபுடையதுதான். வெட்கம் என்பது அளந்து பார்க்கிற பொருளாக இருந்தால் அதற்கும் ரவ்தா ஒரு பூச்சுக் கண்டுபிடித்திருப்பாள். அவர்மேல் வைத்துப் பார்த்தால் முள் அசைந்திருக்காது.

ஒன்று மட்டும் மாறியது. அந்தத் துறைக்கு விருந்தாளி வந்தால் எண்ணெய் கொண்டுவருவது மப்ரூகாதான். கிண்ணத்தை நேராக மேசைக்குக் கொண்டுபோக மாட்டாள். முதலில் ரவ்தாவின் அறைக்குப் போய், கதவைக் காலால் தள்ளித் திறந்து, கிண்ணத்தைக் கருவிக்குப் பக்கத்தில் வைப்பாள்.

"பாத்துச் சொல்லு பொண்ணே. ஸி மொன்ஸெஃப் காத்துட்டிருக்கார். காத்துக்கிட்டு இருக்கட்டும்."